7. கெட்டது கோப்பு, கெடுத்தது யார்?

படத்தின் மேல்பாதியில் அத்தையும் மாமாவும் தெளிவாகச் சிரிக்கிறார்கள். தோளுக்குக் கீழே நிறம் சட்டென்று ஊதாவாகி, உடம்பு மட்டும் நான்கு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்துபோய் நிற்கிறது. அடுத்த படம் சரி. அதற்கடுத்து வரும் நாற்பது படங்களும் சரி. பிறகு ஒரு படத்தில் மறுபடியும் அதே ஊதா.

என் வீட்டு நாஸ் பெட்டியில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிய பொதுச் சேமிப்புப் பெட்டியில், வில்லங்கம் இப்படித்தான் தலைகாட்டியது. இரண்டு ஹார்ட் டிஸ்குகள்; ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் பதியும் மிரர் அமைப்பு. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தெம்பில் இருந்தேன். கழற்றித் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே ஊதா. ஒரு டிஸ்க் செத்துப்போனால் மிரர் காப்பாற்றும். கெட்டுப்போன பைட்டை எழுதச் சொன்னாலோ, அதையும் சிரத்தையாக இரண்டு பிரதி எடுத்து வைத்துவிடும்.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்வது புது டிஸ்க் வாங்குவதுதான். நானும் வாங்கினேன். பணம் போனதே தவிர ஊதா போகவில்லை. ஒரு கோப்பு கேமராவிலிருந்தோ போனிலிருந்தோ கிளம்பி நாஸில் போய்ச் சேருவதற்குள் கம்ப்யூட்டரின் ராம், நெட்வொர்க் கார்டு, கேபிள், ரவுட்டர், நாஸின் ராம், டிஸ்குக்குப் போகும் இணைப்பு, கடைசியாக டிஸ்க் என்று ஏழெட்டு கை மாறுகிறது. எந்தக் கையில் கெட்டது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டுச் செலவு. நல்லவேளையாக, ஒவ்வொரு கையும் கெடுக்கும் விதம் வேறு. கெட்ட கோப்பை நல்ல பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் செய்யக் கூடாதவை

கெட்ட கோப்பு ஒன்றைக் கண்டதும் முதல் வேலை, பேக்கப்பை நிறுத்துவது. கேட்கத் தலைகீழாக இருக்கும். ஆனால் தினமும் இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் பேக்கப், இன்று கெட்டுப்போன கோப்பை “புதிதாக மாறிய கோப்பு” என்றுதான் எடுத்துக்கொள்ளும். போன மாதத்து நல்ல பிரதியின் மேல் கெட்டதை எழுதிவிடும். போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் ஓடும் தானியங்கி சிங்க் வேலைகளையும் நிறுத்துங்கள். வெளியே யுஎஸ்பி டிஸ்கில் பேக்கப் இருந்தால் அதை உருவித் தனியே எடுத்து வையுங்கள். நாஸில் ஸ்நாப்ஷாட் வசதி இருந்தால், பழைய ஸ்நாப்ஷாட்டுகள் காலாவதியாகித் தானாக அழியாதபடி பூட்டி வையுங்கள்.

இரண்டாவது, “ரிப்பேர்” என்று எழுதிய எந்தப் பொத்தானையும் இப்போது தொடக் கூடாது. விண்டோஸின் செக்டிஸ்க், லினக்ஸின் எஃப்எஸ்சிகே போன்றவை உங்கள் படங்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கோப்பு முறைமையின் கணக்கு நேராக வர வேண்டும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. கணக்கில் ஒட்டாத துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு “எல்லாம் சரி” என்று சொல்லும். ராம் கெட்டிருக்கும் பெட்டியில் இந்த ரிப்பேரை ஓட்டினால், அந்தக் கெட்ட ராம் வழியாகவே கணக்கும் திருத்தப்படும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அப்போதுதான் ஆரம்பிக்கும். பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு அமைப்பை “மறுகட்டமைக்கவா” என்று கேட்கும் செய்திக்கும் இதே பதில்: இப்போது வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு தாளை எடுத்து, எந்தெந்தக் கோப்புகள், எந்தத் தேதிகளில் நாஸுக்கு வந்தவை, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை, வைஃபையிலா கேபிளிலா என்று எழுதுங்கள். ஒரு தேதிக்குப் பிறகு வந்தவை மட்டும் கெட்டிருந்தால், அந்தத் தேதியையொட்டி வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புது ரவுட்டரா, மென்பொருள் அப்டேட்டா, மின்வெட்டா, கூடுதல் ராமா? என் தாளில் அந்தத் தேதி பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகும் அதன் பொருள் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

கெட்ட கோப்பின் முகம்

கெட்ட கோப்பு ஒன்றையும், அதன் நல்ல பிரதி ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். நல்ல பிரதி கேமராவின் மெமரி கார்டில் இருக்கலாம், பழைய லேப்டாப்பில் இருக்கலாம், மாதக்கணக்கில் தொடாத யுஎஸ்பி டிஸ்கில் இருக்கலாம். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பிய பிரதி இதற்கு உதவாது. அது சுருக்கி எழுதப்பட்ட வேறு கோப்பு.

முதலில் அளவு. கெட்டதும் நல்லதும் பைட் கணக்கில் ஒன்றா? கெட்டது சிறியதாக இருந்தால் பிரதி எடுக்கும்போது நடுவில் அறுந்திருக்கிறது. வைஃபை விட்டுப்போனது, யுஎஸ்பியை அவசரமாக உருவியது, நாஸில் இடம் தீர்ந்தது, இவற்றில் ஒன்று. இது எளிய கேஸ். இப்படி அறுந்த படத்தில் அடிப்பாகம் சாம்பலாக இருக்கும். வீடியோ பெரும்பாலும் திறக்கவே திறக்காது. காரணம், பல கேமராக்கள் எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுகின்றன. வால் போனால் அட்டவணையும் போயிற்று.

அளவு ஒன்றாகவே இருந்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. விண்டோஸின் கட்டளைத் திரையில் எஃப்சி என்ற பழைய கட்டளை உண்டு. அதோடு சாய்கோடு போட்டு பி என்ற எழுத்தைச் சேர்த்து இரண்டு கோப்புகளின் பெயரையும் கொடுத்தால், எங்கெங்கே மாறியிருக்கிறது, நல்லதில் என்ன, கெட்டதில் என்ன என்று பைட் பைட்டாக வரிசை போட்டுக் காட்டும். லினக்ஸிலும் மேக்கிலும் இதே வேலைக்கு சிஎம்பி கட்டளையோடு சிறுகோடு போட்டு எல் என்ற எழுத்தைச் சேருங்கள். வரும் பட்டியலின் நீளமும் இடைவெளியும்தான் நாம் படிக்க வேண்டிய எழுத்து.

பட்டியலில் ஒரே ஒரு வரி, அல்லது கோப்புக்கு இரண்டு மூன்று வரிகள் மட்டும் வந்தால் நாடியைப் பிடித்துவிட்டீர்கள். என் அத்தை படத்தில் ஒரே வரி. நல்லதில் 41, கெட்டதில் 45. விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றி, ஹெக்ஸ் எண்ணாக அடித்து, பைனரியில் பாருங்கள்: 0100 0001, 0100 0101. எட்டு பிட்டில் ஒரே ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆகியிருக்கிறது. அடுத்த கெட்ட படத்தைப் பார்த்தேன். வேறு இடம், வேறு எண்கள், ஆனால் மாறியது வலமிருந்து எண்ணினால் அதே மூன்றாவது பிட். அதற்கடுத்ததிலும் அதே. எப்போதும் 0 தான் 1 ஆகிறது, ஒருமுறைகூட 1 மாறி 0 ஆகவில்லை. டிஸ்க் இப்படிக் கெடுக்காது. ராமில் ஒரு சிறு கட்டம் ‘1’ என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தால்தான் இந்தச் சித்திரம் வரும். ஒரே ஒரு பிட் மாறியதற்கு அத்தனை பெரிய ஊதா ஏன் என்றால், ஜேபெக் படத்தில் ஒவ்வொரு துண்டும் முந்திய துண்டைத் தொட்டே எழுதப்படுகிறது. ஓரிடத்தில் அடி தவறினால் அதன் பிறகு எல்லாம் தவறும்.

பட்டியல் ஆயிரக்கணக்கான வரிகளாக ஓடி, கெட்ட பக்கம் முழுக்க 00 என்றே இருந்தால் கதை வேறு. தொடங்கும் இடமும் நீளமும் 4096 ஆல் வகுபடுகின்றனவா என்று பாருங்கள். வகுபட்டால் கோப்பு முறைமை இடத்தை ஒதுக்கியிருக்கிறது, ஆனால் உள்ளடக்கம் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். மின்சாரம் திடீரென்று போனதில் இது சகஜம். மென்பொருள் பிழையாலும் வரும். 2023 நவம்பரில் ஓப்பன் இசட்எஃப்எஸ்ஸில் அப்படியொரு பிழை வெளிப்பட்டது: சில சூழ்நிலைகளில் பிரதி எடுத்த கோப்பின் நடுவே தரவுக்குப் பதில் சுழியங்கள் உட்கார்ந்துகொண்டன. தரவைக் காப்பதில் பெயர் பெற்ற முறைமை அது. ஆனாலும் சுழியங்களுக்கும் சரியான செக்சம் (சோதனை எண்) போட்டே எழுதியிருந்ததால், ஸ்கிரப் என்ற முழுச் சோதனையை ஓட்டியவர்களுக்கு ஒரு குற்றமும் தென்படவில்லை. 2.2.2, 2.1.14 பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது.

மாறிய பகுதி 64 கேபி, 512 கேபி போன்ற முழுத் துண்டுகளாக இருந்து, அதில் சுழியத்துக்குப் பதில் வேறு ஏதோ கோப்பின் தரவு தெரிந்தால் ரெய்டைச் சந்தேகியுங்கள். ரெய்டு 5 போன்ற அமைப்புகள் தரவை இப்படிப்பட்ட துண்டுகளாக வெட்டித்தான் டிஸ்குகளில் பரப்புகின்றன. ஒரு டிஸ்க் பின்தங்கியிருக்கலாம், அல்லது பழைய நிலையிலேயே மறுபடி சேர்க்கப்பட்டிருக்கலாம்.

கோப்பின் முதல் பைட்டிலிருந்தே எதுவும் பொருந்தவில்லை, பெயருக்குப் பின்னால் புதுசாக ஒரு வால் முளைத்திருக்கிறது, ஃபோல்டருக்குள் நீங்கள் வைக்காத ஒரு குறிப்பு கிடக்கிறது என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு நாஸின் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். அது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர். 2021 ஏப்ரலில் க்யூலாக்கரும் 2022 ஜனவரியில் டெட்போல்ட்டும் க்யூநாப் நாஸ்களை இப்படித்தான் தாக்கின. க்யூலாக்கர் கோப்புகளைக் கடவுச்சொல் போட்டு 7-ஜிப் பொட்டலங்களாகக் கட்டிவைத்தது.

மூன்று ஹாஷ் சோதனை

முகத்தைப் பார்த்து யூகித்தாயிற்று. இனி நிரூபிக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கோப்புக்கு அந்த அளவுகோல் ஹாஷ். ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் கலக்கிப் பிழிந்து வரும் நீண்ட எண் அது. ஒரு பிட் மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து வரும் பட்டியலில் எஸ்எச்ஏ-256 இருக்கும். நாஸ்களின் உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். எஸ்எஸ்எச் என்ற தொலைக்கட்டளை வசதி வழியாக உள்ளே போனால் எஸ்எச்ஏ256சம் என்ற கட்டளை கிடைக்கும்.

சோதனைக்கு ஒரு பெரிய கோப்பு வேண்டும். நாஸின் ராமையும் உங்கள் கம்ப்யூட்டரின் ராமையும் விடப் பெரியது. இந்த நிபந்தனையைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். சிறிய கோப்பை நாஸுக்கு அனுப்பிவிட்டு உடனே திரும்பப் படித்தால், அது டிஸ்கைத் தொடாமல் ராமிலிருந்தே வந்து “எல்லாம் சரி” என்று சொல்லும். கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் என்றால் 20 ஜிபிக்குக் குறையாத கோப்பு எடுங்கள். அத்தனை பெரியது இல்லாவிட்டால், ஒவ்வொரு படிக்கும் நடுவே நாஸையும் கம்ப்யூட்டரையும் முறையாக நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள்.

முதல் ஹாஷ், கம்ப்யூட்டரில் இருக்கும் அசல் கோப்புக்கு. அதை அடுத்தடுத்து மூன்று முறை எடுங்கள். மூன்றும் ஒன்றாக வராவிட்டால் நாஸ் நிரபராதி. உங்கள் கம்ப்யூட்டரின் ராமோ டிஸ்கோதான் கோளாறு, மேற்கொண்டு போக வேண்டாம். ஒன்றாக வந்தால் கோப்பை நாஸுக்கு அனுப்புங்கள். இரண்டாவது ஹாஷ், நாஸுக்குள்ளேயே எஸ்எஸ்எச் வழியாக எடுப்பது. இதையும் மூன்று முறை. மூன்றாவது, நாஸில் இருக்கும் கோப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாகப் படித்து எடுப்பது.

நாஸுக்குள் எடுத்த எண் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வந்தால் நாஸின் ராம் அல்லது டிஸ்க் இணைப்பு. ஒவ்வொரு முறையும் ஒரே எண், ஆனால் அசலோடு ஒட்டவில்லை என்றால் போகும் வழியிலோ எழுதும்போதோ கெட்டிருக்கிறது. உள்ளே எடுத்தது அசலோடு பொருந்தி, நெட்வொர்க் வழியாக எடுத்தது மட்டும் மாறினால் நாஸில் இருக்கும் கோப்பு நல்லது, வழிதான் கெட்டது. அப்போது கேபிளை மாற்றி ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை, வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஒருமுறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். ஒருமுறை சரியாக வந்ததும் கொண்டாடிவிடாதீர்கள். என் பெட்டியில் ஐந்து முறை சரியாக வந்து ஆறாவது முறை தப்பியது.

ராம், கேபிள், டிஸ்க்

ராமைப் பற்றி முன்பு எனக்கும் ஓர் அலட்சியம் இருந்தது: கெட்டால் கம்ப்யூட்டரே ஓடாதே? ஓடும். கோடிக்கணக்கான கட்டங்களில் ஒன்று கெட்டால், அந்தக் கட்டத்தின் வழியாகப் போகும் படம்தான் கெடும். மற்றதெல்லாம் ஜம்மென்று நடக்கும். கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து பியாங்கா ஷ்ரோடரும் வேறு இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டொன்றுக்கு 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம் பலகைகளில் பிழை தென்பட்டது. அங்கே பிழையைக் கண்டு திருத்தும் இசிசி ராம் இருந்ததால்தான் எண்ணவே முடிந்தது. வீட்டு நாஸ்களில் பலவற்றில் சாதாரண ராம்தான். பிழை வந்தால் அதற்கே தெரியாது.

சில நாஸ் நிறுவனங்கள் கம்ப்யூட்டரில் நிறுவும் துணை மென்பொருளிலேயே ராம் சோதனை தருகின்றன. இல்லாவிட்டால் பலகையைக் கழற்றி, அது பொருந்தும் ஒரு லேப்டாப்பில் மாட்டி, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தப் பலகை வேண்டாம். “ஒரு பிழைதானே” என்ற சமாதானம் ராமுக்குப் பொருந்தாது.

கேபிள் மீது எல்லோருக்கும் சந்தேகம் வரும். ஆனால் ஈதர்நெட் கேபிள் தானாகக் கோப்பைக் கெடுப்பது அரிது. ஒவ்வொரு ஈதர்நெட் சட்டத்துக்கும் 32 பிட் சோதனை எண் உண்டு, அதற்கு மேல் டிசிபி தன் பங்குக்கு 16 பிட் வைத்திருக்கிறது. கேபிள் கெட்டால் பொட்டலங்கள் தொலையும், வேகம் குறையும், ஆனால் கெட்ட பொட்டலம் உள்ளே வராது. அதே நேரம் 2000இல் ஜோனதன் ஸ்டோனும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் உண்மையான நெட்வொர்க் போக்குவரத்தை அலசியபோது, 1,100 பொட்டலத்துக்கு ஒன்று முதல் 32,000க்கு ஒன்று வரை டிசிபி சோதனையில் தவறியதைக் கண்டார்கள். கேபிளுக்குரிய சோதனையை இவை தாண்டி வந்திருந்தன. அதாவது கெட்டது கம்பியில் அல்ல. இரு முனைகளிலும் நடுவிலும் இருக்கும் பெட்டிகளுக்குள். எனவே கேபிளை மாற்றியும் தீராவிட்டால் ரவுட்டர், ஸ்விட்ச், நெட்வொர்க் கார்டு என்று போங்கள். நாஸும் கம்ப்யூட்டரும் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி 3 நெறிமுறையில் சைனிங் என்ற வசதியை இயக்கினால், வழியில் மாறிய தரவு ஏற்கப்படாமல் இணைப்பே அறுந்துவிடும். வேகம் சற்றுக் குறையும். கெட்ட கோப்பைவிட அறுந்த இணைப்பு எவ்வளவோ மேல்.

டிஸ்க் விஷயத்தில் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். அதில் முப்பது வரி இருக்கும். நமக்கு நான்கு போதும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, படிக்கவே முடியாதவை. 199, டிஸ்குக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவே இணைப்பில் வந்த பிழைகள். 197 ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றும் நேரம். 199 மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள்; கேபிளை மாற்றுங்கள், அல்லது டிஸ்கை அதன் குழியிலிருந்து வெளியே இழுத்து, முனையைத் துடைத்து, அழுத்திச் சொருகுங்கள். 199இல் பழைய எண் குறையாது. இனிமேல் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் பெரும்பாலும் கெட்டதைக் கெட்டது என்று சொல்லிவிடும்: படிக்க முடியவில்லை என்று பிழை காட்டும், மாற்றி வாசித்துக் கொடுக்காது. விதிவிலக்குகளும் உண்டு. நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பகங்களில் 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்த ஆய்வு 2008இல் வந்தது. டிஸ்க் வாய் திறக்காமல் தவறான தரவைக் கொடுத்த இடங்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். வீட்டில் நாம் வாங்கும் சாட்டா வகை டிஸ்குகளில் இது விலை உயர்ந்த வகைகளைவிடப் பத்து மடங்கு அளவுக்கு அதிகம்.

மின்சாரம் பற்றியும் சிறிது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நாஸை அதில் மாட்டியிருப்பீர்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலை என்றொரு ஸ்விட்ச் உண்டு. அது போடப்படாவிட்டால் மின்சாரம் மாறும் அந்த நொடிப்பொழுதில் நாஸ் அணைந்து எழலாம். அதைவிட முக்கியம், பேட்டரி தீரப்போகிறது என்று சொல்ல இன்வெர்ட்டருக்கு வாய் இல்லை. யுஎஸ்பி கம்பியால் நாஸோடு பேசக்கூடிய சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால், நாஸ் தானே எழுதி முடித்துவிட்டு ஒழுங்காக நின்றுகொள்ளும்.

வன்பொருள் எல்லாம் சரி, ஆனாலும் கெடுகிறது

நெட்வொர்க் வழியாகப் பிரதி எடுத்தால் கெடுவதில்லை, நாஸிலேயே வைத்துத் திறந்து திருத்தினால் மட்டும் கெடுகிறது என்ற கேஸும் உண்டு. இதற்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2007இல் வெளியிட்ட விண்டோஸ் ஹோம் சர்வரில், ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருந்தால், சில மென்பொருள்களால் நேரடியாகத் திருத்திய கோப்புகள் சிதைந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனமே எச்சரித்தது: சர்வரில் வைத்துத் திருத்தாதீர்கள், கம்ப்யூட்டருக்கு எடுத்து வந்து திருத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள். பிழை சரியானது 2008 ஜூலையில் வந்த பவர் பேக் 1இல். அந்த சர்வர் வழக்கொழிந்துவிட்டது. அந்த அறிவுரை இன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பை நெட்வொர்க்கில் வைத்துத் திறப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. லைட்ரூம் கிளாசிக் தன் கேட்டலாகை நெட்வொர்க் டிரைவிலிருந்து திறக்கவே விடாது. எஸ்க்யூலைட்டில் ஓடும் சிறு மென்பொருள்களின் தரவுக் கோப்பும் இந்த ரகம்தான். இவற்றை உள்ளூர் டிஸ்கில் வைத்து, நாஸுக்கு இரவில் பிரதி மட்டும் அனுப்புங்கள்.

கெட்டதுபோலத் தெரிந்து கெடாதவையும் இருக்கின்றன. தமிழில் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பில் ஒரு பிட்கூடக் கெடவில்லை. இன்னொன்று கோப்பின் பெயரில் வரும். “கொ” என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நாஸுக்கு இரண்டும் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே எழுதி வைக்கும். அங்கிருந்து வந்த “கொடைக்கானல்” ஃபோல்டரும் விண்டோஸிலிருந்து வந்த “கொடைக்கானல்” ஃபோல்டரும் நாஸில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் படங்கள் இருக்கும், மற்றது காலி. படம் தொலைந்தது என்று பதறுவதற்கு முன் இரட்டைப் பிறவி இருக்கிறதா என்று பாருங்கள்.

மீட்பு

குற்றவாளியை அகற்றிய பிறகே மீட்பு. முதலில் பேக்கப்பிலிருந்து. கெட்டதை அழிக்காமல், நல்லதை வேறு ஃபோல்டரில் இறக்கி, ஒப்பிட்டுப் பார்த்த பின் மாற்றுங்கள். டிஸ்கே சாகிற நிலையில் இருந்தால் அதிலிருந்து கோப்பு கோப்பாக எடுக்காதீர்கள். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்கு முதலில் பிரதி எடுங்கள். எளிதாகப் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, சண்டித்தனம் செய்யும் இடங்களுக்கு அது பிறகு திரும்பும். எங்கே விட்டது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் தொடரலாம்.

பேக்கப் இல்லாத கோப்புகளுக்கும் சில வழிகள் உண்டு. வேர்டு, எக்செல் கோப்புகள் (டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை) உண்மையில் ஜிப் பொட்டலங்கள். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றி 7-ஜிப்பில் திறந்தால், கெடாத பகுதிகளை வெளியே எடுக்க முடியும். வடிவமைப்பு போனாலும் எழுத்து மிஞ்சும். கேமராப் படங்களுக்குள் ஒரு சிறிய முன்னோட்டப் படம் தனியாக இருக்கும். பெரியது கெட்டாலும் அது தப்பியிருக்கலாம். ஒரு பிட் மட்டும் மாறிய கோப்புகளை நான் ஹெக்ஸ் எடிட்டரில் கையால் திருத்தியிருக்கிறேன். எந்த பிட் சிக்கிக்கொள்கிறது என்று தெரிந்திருந்ததால், படம் எங்கே ஊதாவாகத் தொடங்குகிறதோ அதையொட்டிய பைட்டுகளில் அந்த பிட்டை ஒவ்வொன்றாக 0 ஆக்கிப் பார்ப்பது. ஒரு படத்துக்கு ஒரு மாலை. அத்தை படம் போன்ற ஒன்றுக்குச் செய்யலாம். ஆயிரம் படத்துக்கு ஆகாது.

இனிமேலுக்கு, நாஸை புதிதாக அமைக்கும்போது பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். அவை ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஸ்கிரப் ஓட்டினால் கெட்டதைக் கண்டுபிடித்து, மிரரில் இருக்கும் நல்ல பிரதியிலிருந்து திருத்தும். செக்சம் இல்லாத சாதாரண மிரருக்கு இரண்டு டிஸ்கும் ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் தெரியும், எது சரி என்று தெரியாது. சில நாஸ்களில் பகிர்வு ஃபோல்டரை உருவாக்கும்போதே செக்சம் கட்டத்தில் டிக் போட வேண்டும். பிறகு போட முடியாது. இனி மாறவே போவதில்லை என்ற பழைய படங்களுக்கு, ஆண்டுவாரியாக பிஏஆர்2 கோப்புகள் செய்து கூடவே வையுங்கள். மல்ட்டிபார் என்ற இலவச மென்பொருள் போதும். 10 சதவீதம் கூடுதல் இடம் கொடுத்தால், ஏறக்குறைய அந்த அளவுக்குச் சேதம் வந்தாலும் மீட்டுவிடலாம். கெட்ட ராம் இதற்குள்ளும் புகும் என்பதால், செக்சம் போடும் முன் ராமைச் சோதியுங்கள்.

என் பெட்டியில் கெட்டிருந்தது, நாஸ் மெதுவாக இருக்கிறதே என்று நானே கூடுதலாக மாட்டிய 4 ஜிபி பலகை. தாளில் பளிச்சென்று இருந்த தேதி அதை மாட்டிய நாள்தான். மேசை இழுப்பறையில் சும்மா கிடந்ததை எடுத்து மாட்டியிருந்தேன். மெம்டெஸ்ட் நான்காவது நிமிடத்திலேயே சிவப்பு காட்டியது. அது ஏன் இழுப்பறையில் கிடந்தது என்று யோசித்தபோது நினைவு வந்தது: இரண்டு வருஷத்துக்கு முன், அடிக்கடி நீலத்திரை காட்டிய ஒரு லேப்டாப்பிலிருந்து நானே கழற்றி வைத்தது.